ஃபைலில் யார் பெயர் முதலில்?

குடியேற்ற ஆலோசனை அலுவலகத்தில் வேலை என்றால் ஊரில் "கனடாவுக்கு ஆள் அனுப்புறான்" என்கிறார்கள். நான் அனுப்புவதெல்லாம் பிடிஎஃப்கள்தான். அல்சூரில் ஒரு மாடியில் அலுவலகம். எங்கள் வீட்டில் முதல் பட்டதாரி நான். ஒரு பிறந்த தேதி மாறிப்போனாலும் ஒரு குடும்பத்தின் விண்ணப்பம் விழுந்துவிடும் என்ற பயத்தில், அனுப்பிய ஃபைலை வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மறுபடி திறந்து பார்ப்பவன். விண்ணப்பித்துவிட்டு, முடிவு வந்ததா என்று காலையில் பல் தேய்ப்பதற்கு முன் அரசின் இணையப் போர்ட்டலைத் திறந்து பார்க்கும் உங்களுக்கு அந்தப் பயத்தை விளக்க வேண்டியதில்லை.

இங்கே சொல்லப்போகும் ஃபைலின் முதல் சம்பவம் நடந்தபோது நான் வேலைக்கே சேரவில்லை. ரிசப்ஷனில் இருக்கும் சாந்தி அக்கா சொல்லிக் கேட்டது.

சோபாவில் உட்கார்ந்தவர்

ஒரு தம்பதி வந்தார்கள். ரவி, சாஃப்ட்வேர் கம்பெனியில் டீம் லீட். பிரேமா, தனியார் மருத்துவமனையில் டயாலிசிஸ் நர்ஸ். ரவி ஆலோசகருக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்தார். பிரேமா பின்னால் சோபாவில், மடியில் சர்டிஃபிகேட் பையோடு. கணக்குப் போட்டதில் ரவிக்கு மதிப்பெண் போதவில்லை. ஏதாவது ஒரு மாகாணம் "இவர் எங்களுக்கு வேண்டும்" என்று பரிந்துரைத்தால்தான் பி.ஆர். என்ற நிரந்தரமாகத் தங்கும் உரிமை. அப்போது ஒரு சின்ன மாகாணம் நர்ஸுகளைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது.

மேடத்தை மெயின் அப்ளிகண்டாகவும் சாரை டிபெண்டன்டாகவும் போட்டால் இரண்டு பேருமே போய்விடலாம் என்று சாந்தி அக்காவே அவர்களிடம் சொல்லியிருக்கிறார். ரவி சிரித்துக்கொண்டேதான் கேட்டாராம்: "அவ தோள்ல தொங்கிட்டுப் போக நான் என்ன ஹேண்ட்பேகா?"

குடும்பத்துக்கு ஒரே ஈமெயில்

நான் சேர்ந்ததும் அந்த ஃபைல் என் மேசைக்கு வந்தது. ரவி பெயரில் போட்டு, எந்த மாகாணமும் கூப்பிடாமல் கிடந்தது. பிரேமாவின் ஆங்கிலத் தேர்வு, படிப்பு மதிப்பீடு எல்லாமே தயாராக இருந்தன. கணவருக்கு நாலு மதிப்பெண் கூடட்டும் என்று வாங்கி வைத்தவை. பெயர்களை இடம் மாற்றினால் போதும். இருவர் கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "மேடத்தின் கவனத்துக்கு" என்று பிரேமாவுக்கு மெயில் அனுப்பினேன்.

எங்களிடம் வரும் தம்பதிகள் பலர் இரண்டு பேருக்கும் ஒரே ஈமெயில் முகவரிதான் தருவார்கள். அது கணவருடையதாக இருக்கும். புதியவனான எனக்கு அது தெரியாது. கொஞ்ச நேரத்தில் ரவி போன் செய்தார். குரலில் கோபமே இல்லை. "தம்பி, நீங்க ஃபைலைப் பாருங்க. ஃபேமிலிய நான் பாத்துக்கறேன்."

மேனேஜரின் விளக்கம்

தகுதி உள்ளவர் பெயரில் போடுவதுதானே நியாயம் என்று மேனேஜரிடம் கேட்டேன். அவர் லேப்டாப்பிலிருந்து தலையை எடுக்கவில்லை. "அக்ரிமென்ட்ல சைன் போட்டது யாரு? ரவி சார். அவர்தான் நமக்குக் கிளையன்ட். மேடம் அட்டாச்மென்ட்."

டியூட்டி முடிந்து வந்தவர்

ஒரு மாலை பிரேமா மட்டும் வந்தார். புதுப்பித்த பாஸ்போர்ட்டின் நகல் கொடுக்க வேண்டும் என்று விவேக் நகரிலிருந்து பஸ் மாறி வந்திருந்தார். நகலைக் கொடுத்த பிறகும் கிளம்பவில்லை.

"அந்த மாகாணத்துல இன்னும் நர்ஸுங்கள எடுக்கறாங்களா தம்பி?"

"எடுக்கறாங்கக்கா. எப்ப நிறுத்துவாங்கன்னு சொல்ல முடியாது."

"அடுத்த பொறந்த நாள் வந்தா எனக்கு வயசு மார்க்கும் குறையும், இல்ல? என் பேருக்கு மாத்த என்ன வேணும்?"

"சார் ஒத்துக்கணும். அவர் கையெழுத்து வேணும்."

கூட வேலை பார்த்த இரண்டு பேர் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டதாகவும், தினமும் பனியில் நின்று போட்டோ அனுப்புவதாகவும் சொன்னார். வீட்டில் பேசிப் பேசி அலுத்துவிட்டதாம். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தார். "கிட்னி நின்னுட்டா மெஷின்ல போட்டு ஓட்டிடுவோம் தம்பி. இவரு வீம்புக்கு எங்க வார்டுல மெஷின் இல்ல."

சம்மதம்

சில மாதங்கள் கழித்து, ரவியின் கம்பெனியில் ஆட்குறைப்புப் பேச்சு அடிபட்டது. இருவரும் சேர்ந்து வந்தார்கள். இந்த முறையும் நாற்காலியில் ரவி, சோபாவில் பிரேமா. "சரி, அவ பேர்லயே போடுங்க. ஆனா எங்க சொந்தக்காரங்க யாராவது விசாரிச்சா என் பேர்லதான்னு சொல்லணும்" என்றார். தலையாட்டிவிட்டு மாகாணத்தின் போர்ட்டலைத் திறந்தேன். நர்ஸுகளுக்கான பிரிவு மூடப்பட்டுவிட்டது, இனி விண்ணப்பங்கள் ஏற்கப்படாது என்று மேலேயே போட்டிருந்தது. இரண்டு முறை ரெஃப்ரெஷ் செய்தேன். பிறகு படித்துச் சொன்னேன்.

ரவி நாற்காலியோடு பின்னால் திரும்பினார். அவர் முகத்தில் ஏமாற்றத்தைவிட நிம்மதிதான் அதிகம் தெரிந்தது. "பாத்தியா? உன் பேர்ல போட்டாலும் கிடைக்கல."

அவர்கள் போன பிறகு பழைய அறிவிப்புகளைத் தேடிப் பார்த்தேன்: பிரிவை மூடுவதற்கு முன் கடைசியாக அழைத்த நர்ஸுகளின் குறைந்தபட்ச மதிப்பெண், பிரேமாவின் மதிப்பெண்ணுக்குக் கீழேதான் இருந்தது. பிரேமாவைக் கனடா வேண்டாம் என்று சொல்லிவிட்டதாக அவர்கள் சொந்தத்தில் பேசிக்கொள்கிறார்களாம். கனடாவிடம் அவரைப் பற்றி யாரும் கேட்கவே இல்லை.