மினுக்கனும் மூஞ்சிக்காரனும்

மாமல்லபுரம் கடற்கரையில் வாங்கிய சுண்டலின் காகிதம் உப்புக்காற்றில் நமுத்துப் பழைய புத்தக வாசம் விட்டதும், புதுப்பட்டினம் பஸ் ஸ்டாப்பை ஒட்டியிருந்து, பிறகு அகலப்படுத்திய சாலைக்கு அடியில் போய்விட்ட அந்த வாடகைப் புத்தகக் கடைக்குள் மறுபடியும் பள்ளிக்கூடப் பிள்ளையாக உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏற ஏறக் கூரைத் தகரம் டக் டக்கென்று சொடுக்கும், கல்பாக்கம் ஸ்டாஃப் பஸ் போகும்போதெல்லாம் கயிற்றில் தொங்கும் காமிக்ஸ்கள் சேர்ந்து தலையாட்டும், நானும் என் சிநேகிதி ஸ்டெல்லாவும் ஒரே புத்தகத்தை ஆளுக்கொரு ஓரம் பிடித்துப் புரட்டுவோம். வரைந்தவர் பெயர் எதிலும் இருக்காததால் நாங்களே வைத்தோம். மின்னல் வெட்ட, அங்கி பறக்க, கட்டத்தை உடைத்துக்கொண்டு பாயும் வீரனை வரைபவன் மினுக்கன். ஓரமாக நிற்கும் பெண்ணின் புருவத்தைக்கூடப் பார்த்துப் பார்த்து வரைபவன் மூஞ்சிக்காரன். நான் மினுக்கன் கட்சி, அவள் மூஞ்சிக்காரன் கட்சி.

"துணிதான்டி பறக்குது, மூஞ்சில இன்னா கீது?" என்பாள் ஸ்டெல்லா.

"உன் ஆளு வரையறவங்க சும்மா நின்னுட்டே இருக்காங்கடி" என்பேன்.

அவள் அப்பாவுக்கு வெளியூரில் வேலை கிடைத்து, சாமான் ஏற்றிய லாரி கிளம்பிய அன்று காற்றுகூட அசையவில்லை. டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஸ்டெல்லா கையாட்டவில்லை. கீழுதட்டைப் பல்லுக்குள் இழுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பையே பார்த்தாள். மினுக்கனாக இருந்தால் ஒரு மழையாவது பெய்ய வைத்திருப்பான்.

அந்த நிமிஷம் நான் கட்சி மாறினேன். அதை அவளிடம் சொல்வதற்குள் லாரி திரும்பிவிட்டது.