கம்ப்யூட்டருக்குக் காற்றா, தண்ணீரா?

பத்து நாளைக்கு முன்னால், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் ஒர்க்‌ஷாப்பில் ஒரு மரணம்.

பதறாதீர்கள். செத்தது கம்ப்யூட்டர். பத்து நிமிடத்தில் உயிர் வந்தது. மறுபடி செத்தது. மத்தியானச் சாப்பாட்டுக்குள் மூன்று முறை.

இதெல்லாம் எழுதுகிற விஷயமா என்று கேட்பீர்கள். விஷயம்தான். கேளுங்கள்.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் எனக்கு ஒரு பிரஸ் ஷாப் இருக்கிறது. தகட்டை அச்சில் வைத்து அடித்து, வண்டிகளுக்கு பிராக்கெட் செய்கிறோம். முப்பது வருடமாக நான் அடித்த பிராக்கெட் ஊரெல்லாம் ஓடுகிறது. ஆனால் என் பெயரில் ஒன்றுகூட ஓடவில்லை. பெரிய கம்பெனி ஒருவருக்கு ஆர்டர் கொடுக்கும். அவர் இன்னொருவருக்குக் கொடுப்பார். அந்த இன்னொருவர் எனக்குக் கொடுப்பார். சரக்கு என்னுடையது, டப்பாமேல் ஒட்டுகிற ஸ்டிக்கர் அவருடையது.

இந்த முறை அதிசயமாக, ஒரு பெரிய கம்பெனி நேராக எனக்கே போன் செய்தது. நடுவில் ஆள் கிடையாது. ஒரே ஒரு நிபந்தனை – வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குள் டை, அதாவது அந்த அச்சின் டிசைனும் சிமுலேஷன் ரிப்போர்ட்டும் அவர்கள் மெயிலில் இருக்க வேண்டும். தகடு எங்கே கிழியும், எங்கே சுருங்கும் என்று, நிஜமாக அடிக்காமல் கம்ப்யூட்டரிலேயே அடித்துப் பார்க்கிற வேலைதான் சிமுலேஷன். ஐந்து மணிக்கு வரவில்லையென்றால் லிஸ்டில் அடுத்த பெயர்.

அந்த சிமுலேஷன் ஓடி முடிய ஆறு மணி நேரம் ஆகும். எங்கள் கம்ப்யூட்டரோ நாற்பது நிமிடத்தில் மண்டையைப் போடுகிறது.

என்ன செய்வீர்கள்?

என் டிசைனர் ஜென்சி கெட்டிக்காரப் பெண். கவரைப்பேட்டைப் பக்கம் ஊர். வீட்டில் முதல் பட்டதாரி. அவள் ஸ்கிரீனில் ஒரு எண்ணைக் காட்டினாள். ப்ராசஸரின் சூடு. எழுபது... எண்பத்தைந்து... தொண்ணூற்றாறு... நூறு. டப்பென்று இருட்டு.

“போன வருசம் ப்ராசஸரைப் பெருசா மாத்தினோம் சார். ஃபேன் மட்டும் பழைய குட்டி ஃபேனே இருக்குது. அதால தாங்கல” என்றாள்.

சரியாகத்தான் சொன்னாள். ஆளைப் பெரியவனாக்கிவிட்டுச் சட்டையைப் பழசாகவே விட்டுவிட்டோம். கழற்றிப் பார்த்தால், அந்தக் குட்டி ஃபேனுக்கு அடியில் கறுப்பாகக் கம்பளி மாதிரி ஒன்று. எங்கள் பக்கம் இரும்பு ஆலைகள் அதிகம். காலையில் வெள்ளைச் சட்டையைக் கொடியில் போட்டால் சாயங்காலம் அதில் பெயர் எழுதலாம். அந்தத் தூசிதான். புதன்கிழமை முழுக்கச் சுத்தம் செய்து ஓட்டினோம். நாற்பது நிமிடம் ஒரு மணி நேரம் ஆனது. அவ்வளவுதான்.

இந்த இடத்தில் என் மாப்பிள்ளை தினேஷ் உள்ளே வருகிறார். இரண்டாவது மகளின் கணவர். சென்னையில் சாஃப்ட்வேர் வேலை. அந்த வாரம் எங்கள் வீட்டில் இருந்தபடியே வேலை பார்த்துக்கொண்டிருந்தார். நல்ல பிள்ளை. ஒரே குறை – எனக்கு ஒன்றும் தெரியாது என்பதில் அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

“மாமா, ஏர் கூலிங்லாம் இப்ப யாரும் போடறதில்ல. லிக்விட் போட்டுடுங்க. என் சிஸ்டத்துல அதான். ஐஸ் மாதிரி இருக்கும்.”

லிக்விட் கூலிங் என்றால் என்ன என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ப்ராசஸர் தலையில் ஒரு சின்ன பம்ப் உட்காரும். அதிலிருந்து இரண்டு ரப்பர் குழாய். குழாயின் மறுமுனையில் கை நீளத்துக்கு ஒரு ரேடியேட்டர். அதன்மேல் மூன்று ஃபேன். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம் சுற்றிக்கொண்டே இருக்கும். ஏர் கூலர் என்றால் அதெல்லாம் இல்லை. ப்ராசஸர்மேல் செம்புக் குழாய் வைத்த ஒரு அலுமினியக் கோபுரம். பக்கத்தில் ஃபேன். முடிந்தது.

மாப்பிள்ளை இதையெல்லாம் விளக்க விளக்க எனக்குச் சிரிப்புதான் வந்தது. ஏன் தெரியுமா? இந்தச் சண்டையை நான் பதினேழு வயதிலேயே பார்த்துவிட்டேன்.

நான் ஆறாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு வணக்கம் சொன்னவன். இந்தப் பத்தியை வாராவாரம் படிக்கிறவர்களுக்கு இது தெரியும். நானும் சொல்லாமல் விட்டதில்லை. அப்புறம் படித்ததெல்லாம் ஊத்துக்கோட்டையில், டீசல் இன்ஜினுக்கு அடியில் படுத்துக்கொண்டு. கழனிக்குத் தண்ணீர் இறைக்கிற இன்ஜினில் அன்றைக்கே இரண்டு ஜாதி – ஏர் கூல், வாட்டர் கூல். ஒன்றுக்கு உடம்பெல்லாம் ரெக்கை, காற்று அடித்தே ஆறும். இன்னொன்றுக்கு, இறைக்கிற தண்ணீரிலேயே ஒரு கிளை உள்ளே போய்ச் சுற்றிவிட்டு வரும். எது ஒசத்தி என்று விவசாயிகள் டீக்கடையில் அடித்துக்கொள்வார்கள். இரண்டையும் ரிப்பேர் செய்தவன் நான். எது எதனால் சாகும் என்று எனக்குத் தெரியும்.

வியாழக்கிழமை மாப்பிள்ளையோடு, சென்னையில் கம்ப்யூட்டர் சாமான் விற்கிற ரிச்சி தெருவுக்குப் போனேன். பையில் இஞ்ச் டேப். கம்ப்யூட்டர் கேபினெட்டின் அகலத்தை அளந்து கையில் எழுதிக்கொண்டுதான் போனேன். கடைக்காரத் தம்பி சிரித்தார். சிரிக்கட்டும். கேபினெட்டுக்குள் கோபுரம் பக்கவாட்டில் படுத்தபடிதான் இருக்கும். அவர் முதலில் எடுத்துக் காட்டிய ஏர் கூலர் கோபுரம் எங்கள் கேபினெட்டின் அகலத்தை விட ஒரு விரல்கடை உயரம். வாங்கியிருந்தால் கதவு மூடியிருக்காது. இப்போது யார் சிரிக்க வேண்டும்?

லிக்விட் கூலரைப் பற்றி மூன்று கேள்வி கேட்டேன். உள்ளே இருக்கிற பம்ப் நின்றுவிட்டால்? முழு செட்டையும் கழற்றி அனுப்ப வேண்டும், வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம் என்றார். நாலைந்து வருடத்தில் திரவம் குறைந்தால் ஊற்றிக்கொள்ளலாமா? முடியாது, சீல் செய்தது என்றார்.

மூன்றாவது கேள்விதான் முக்கியம். “சரி தம்பி, அந்தத் தண்ணி சூட்டை எடுத்துக்கினு எங்க போவுது?”

“ரேடியேட்டருக்கு சார். அங்க ஃபேன் காத்து அடிச்சு ஆத்திடும்.”

“அப்ப கடைசியில காத்துதான ஆத்துது?”

“சார்... நீங்க கம்ப்யூட்டருக்கு வாங்க வந்தீங்களா, பம்ப் செட்டுக்கு வாங்க வந்தீங்களா?”

தம்பி நக்கலாகக் கேட்டதில் எனக்கு வருத்தம் இல்லை. பதில் கிடைத்துவிட்டதே. தண்ணீர் சூட்டைத் தின்பதில்லை. வாங்கிக்கொண்டு போய்க் காற்றிடம் ஒப்படைக்கிறது. நடுவில் ஒரு ஆள். முப்பது வருடம் நடுவில் இருக்கிற ஆட்களோடு நான் பட்டது போதாதா?

நியாயமாகவும் பேச வேண்டும். அந்த நடு ஆள் சும்மா இல்லை. ரொம்பப் பெரிய ப்ராசஸராக இருந்தால், நாள் முழுக்க முழு வேகத்தில் ஓடினால், லிக்விட் சில டிகிரி முந்தும். ஏசி ரூமில், கண்ணாடிப் பெட்டியில், கலர் லைட்டோடு பார்க்க அழகாகவும் இருக்கும். மாப்பிள்ளை வீட்டுக்கு அது சரி. என் ஷாப்பில் பக்கத்துச் சுவரில் பிரஸ் இடிக்கிறது, தரை நாள் முழுக்க அதிர்கிறது, ஆலைத் தூசி பறக்கிறது. பம்ப் நின்றால் மூன்று வாரம் நான் என்ன செய்வேன்? ஃபேன் நின்றால் வேறு ஃபேன், கால் மணி நேரம். “ஏர் கூலர் சத்தம் போடும் மாமா” என்றார் மாப்பிள்ளை. அறுபது டன் பிரஸ் இடிக்கிற இடத்தில் ஃபேன் சத்தமாம்!

அளவுக்கு ஏற்ற ஏர் கூலர் ஒன்று வாங்கினேன். இரண்டு ஃபேன் வைத்தது. மாப்பிள்ளை திரும்பி வரும்வரை போனையே பார்த்துக்கொண்டு வந்தார்.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணி. ஜென்சி ஒன்பது மணிக்குத்தான் வருவாள். அதற்குள் மாட்டிவிடலாம் என்று என் ஃபோர்மேன் முனுசாமியைக் கூப்பிட்டேன். பள்ளிப்பட்டுக்காரர். இருபத்திரண்டு வருடமாக என்னோடு இருக்கிறார். எதைக் கொடுத்தாலும் மாட்டிவிடுவார். மாட்டினார். நான் பக்கத்தில் நின்று டார்ச் அடித்தேன். ஜென்சி வந்தாள், ஸ்விட்சைப் போட்டாள், சிமுலேஷனை ஓட்டினாள்.

எண்பது. தொண்ணூறு. நூறு.

இருட்டு. இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. பழைய குட்டி ஃபேனே தேவலாம் என்று ஆகிவிட்டது.

ஜென்சி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். ஆறு மணி நேரம் வேண்டும். மணி ஒன்பதே கால். பதினொரு மணிக்குள் ஓட ஆரம்பிக்காவிட்டால் எல்லாம் போச்சு. வேடிக்கை பார்க்க வந்திருந்த மாப்பிள்ளை கார் சாவியை எடுத்தார்.

“நான் போய் லிக்விடே வாங்கினு வந்துடறேன் மாமா” என்றார். அதட்டலே இல்லை. அன்பாகத்தான் சொன்னார். அதுதான் அதிகமாக எரிந்தது. போய் வரவே மத்தியானம் ஆகிவிடும் என்று அவருக்கும் தெரியும்.

அவமானமாக இருந்ததா என்றால்... இருந்தது. ஆனால் ஒரு பழக்கம் – இன்ஜின் நின்றால் முதலில் அதைத் திட்ட மாட்டேன், தொட்டுப் பார்ப்பேன். மறுபடி ஆன் செய்யச் சொன்னேன். எண் தொண்ணூறைத் தாண்டும்போது கூலரின் செம்புக் குழாயில் விரலை வைத்தேன்.

ஜில்லென்று இருந்தது.

பார்த்தீர்களா? ப்ராசஸர் கொதிக்கிறது, அதன் தலையில் உட்கார்ந்திருக்கிற கூலருக்குச் சேதியே போகவில்லை. இன்ஜின் கொதித்து ரேடியேட்டர் குளிர்ந்திருந்தால் ரேடியேட்டரைக் கழற்றிப் பிரயோஜனமில்லை. இரண்டுக்கும் நடுவில் ஏதோ அடைத்திருக்கிறது என்று அர்த்தம். ஊத்துக்கோட்டைப் பாடம். பரீட்சை மட்டும் இத்தனை வருடம் கழித்து வந்தது.

“மாப்பிள்ளை, சாவியை வைங்க. முனுசாமி, கழட்டு” என்றேன்.

கழற்றித் திருப்பினார். கூலரின் அடியில் பளபளவென்று செம்புத் தகடு. அதன்மேல், சூட்டைக் கூலருக்குக் கடத்த ப்ராசஸருக்குப் பூசுகிற சாம்பல் நிற பேஸ்ட் அப்பிக்கிடந்தது. பேஸ்ட்டைத் துடைத்தால்... உள்ளே ஒரு கண்ணாடிப் பேப்பர். சிவப்பு எழுத்து. மாட்டும் முன் பிரிக்க வேண்டிய பிளாஸ்டிக் கவர், அப்படியே ஒட்டியிருந்தது. சூடு அதைத் தாண்டிப் போக முடியவில்லை.

ஜென்சி அந்த எழுத்தைப் படித்துச் சொன்னாள். பிரித்துவிட்டு மாட்டவும் என்று இங்கிலீஷில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறதாம்.

“யோவ் முனுசாமி, இது இன்னாயா?”

முனுசாமி அசரவில்லை. “நீங்கதான மொதலாளி சொல்லிக்கினே இருப்பீங்க, புது சாமான்ல கவரைப் பிரிக்காதன்னு. உங்க காருல நாலு வருசமா சீட்டு கவரு இருக்குது. ஊட்ல ஃபிரிட்ஜ் கதவுல இருக்குது. உங்க ரூம் ஏசி ரிமோட்டு இன்னும் உறையிலதான் கீது. நான் மட்டும் பிரிச்சா பேஜாரு ஆவாதா?”

மாப்பிள்ளை சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியதை வைத்துச் சிரிக்கிறார் என்று தெரிந்தது. ஜென்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

முனுசாமி சொன்னதில் ஒரு எழுத்துப் பிழை இல்லை. அது என் சட்டம்தான். புதுசு புதுசாகவே இருக்க வேண்டும் என்று நம் ஜனங்கள் எல்லோரும் கடைப்பிடிக்கிற சட்டம். காசு கொடுத்து வாங்கிய சோபாவில் நாம் உட்காருவதே இல்லை. அதன் பிளாஸ்டிக்மேல்தான் உட்காருகிறோம். உங்கள் வீட்டு மைக்ரோவேவைப் போய்ப் பாருங்கள். அதன் முகத்தில் உறை இருக்கிறதா, இல்லையா?

ஆக, தப்பு என்னுடையது. ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கண்டுபிடித்தது யார்? அதையும் நீங்கள் ஒப்புக்கொள்ள வேண்டும்.

கவரை நானே உரித்தேன். ஜென்சி ஸ்பிரிட் போட்டு இரண்டு பக்கமும் துடைத்தாள். பேஸ்ட்டை முனுசாமி கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள், அவர் பேரிங்குக்கு கிரீஸ் வைக்கிற மாதிரி வைத்திருந்தார். பட்டாணி அளவு போதுமாம். தூசி ஏறாமல் இருக்கக் கேபினெட்டைத் தரையிலிருந்து தூக்கி மேஜைமேல் வைத்தோம். ஃபேன் உறிஞ்சுகிற பக்கம் மெல்லிய வலைத்துணி கட்டினோம். மணி பத்து நாற்பது. ஸ்விட்சைப் போட்டாள்.

அறுபது. எழுபது. எழுபத்தாறு.

எழுபத்தாறு.

அதற்குமேல் ஏறவேயில்லை. செம்புக் குழாயைத் தொட்டேன். சுட்டது. வாழ்க்கையில் விரல் சுட்டு அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

ஆறு மணி நேரமும் நாற்காலியைப் போட்டு அந்த எண்ணுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். சாப்பாட்டை மாப்பிள்ளையே தட்டில் போட்டுக் கொண்டுவந்தார். மேஜை ஓரத்தில் வைத்துவிட்டு, குழாயை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். “நல்லா இழுக்குது மாமா” என்றார். சாஃப்ட்வேர்காரர் வாயிலிருந்து மெக்கானிக் வார்த்தை. பெண் கொடுத்த இடம் மோசமில்லை.

நாலு நாற்பதுக்கு சிமுலேஷன் முடிந்தது. நாலு ஐம்பத்திரண்டுக்கு ஜென்சி மெயிலைத் தட்டினாள். ஷாப்பில் பிரஸ் ஓட்டுகிறவர்கள்கூட வேலையை நிறுத்திவிட்டு ஜன்னலில் நின்றார்கள். போய்விட்டது என்று அவள் கட்டைவிரலைக் காட்டியதும் முனுசாமி அடித்த விசில் ரயில்வே ஸ்டேஷன்வரை கேட்டிருக்கும்.

திங்கட்கிழமை பதில் வந்தது. டிசைன் ஓகே. எங்களை நேரடி சப்ளையராகச் சேர்த்துக்கொள்கிறார்கள். கூடவே நிரப்பி அனுப்ப ஒரு ஃபார்ம். ஜென்சி ஒவ்வொரு கட்டமாகக் கேட்டுக் கேட்டு டைப் செய்துகொண்டே வந்தாள். ஒரு இடத்தில் நின்றாள்.

“சார்... உரிமையாளர் படிப்புன்னு கேட்டிருக்காங்க. இன்னா போடறது?”

“அதைக் காலியா உடும்மா. அதுக்கு மேல என் பேரு இருக்குதில்ல, அதை மட்டும் பெருசா போடு.”

போட்டாள். கட்டத்தில் இடம் பற்றவில்லை.