திறப்புவிழாச் சண்டை

தம்பி துணிக்கடை திறந்த முதல் நாள், காலையிலிருந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தான். மலிவு என்றால் அப்படியொரு மலிவு. அதனாலேயே ஜனங்களுக்குச் சந்தேகம். வாசல்வரை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவன் மனைவியும் அவனுடைய அக்காவும் பொழுது போகாமல், கடை நடுவில் கொட்டிக் கிடந்த துணிக் குவியலைக் கிளறிக்கொண்டிருந்தார்கள். இருவரும் கீரியும் பாம்பும் என்பது ஊரறிந்த விஷயம். கிளறியதில் ஒரே சட்டை இரண்டு பேர் கையிலும் மாட்டியது.

"நான்தான் முதல்ல பாத்தேன்," என்றாள் அக்கா.

"பாத்தா போதுமா அண்ணி? எடுத்தது நான்."

அப்புறம் நடந்ததை வெறும் சண்டை என்று சொன்னால் சண்டைக்கே அவமானம். அவள் பிறந்த வீட்டை இவள் இழுத்தாள், இவள் சமையலை அவள் இழுத்தாள், நடுவில் சட்டையும் இழுபட்டது. வாசலில் நின்றவர்கள் மெல்ல உள்ளே வந்தார்கள். இவ்வளவு விவரமான பெண்கள் மானத்தை விட்டு அடித்துக்கொள்கிறார்கள் என்றால் சரக்கில் ஏதோ இருக்கிறது என்று தாங்களும் கையை விட்டார்கள். சாயங்காலத்துக்குள் குவியல் தரைமட்டம்.

தம்பியின் மூளை அன்றைக்கே வேலை செய்துவிட்டது. இரண்டாவது கிளை திறந்தபோது இருவரையும் வேனில் ஏற்றிக்கொண்டு போனான். பக்கத்து ஊர்க் கிளைக்கும் அப்படியே. கிளை மேல் கிளையாகத் திறந்தான். விளம்பரத்துக்கென்று ஒரு பலகைகூட எழுதியதில்லை.

அக்கா, கணவர் போன பிறகு தம்பி வீட்டு மாடியறைக்கு வந்தவள். அவள் இல்லாததால் அந்த வீட்டில் ஒரு வேலையும் நின்றதில்லை. அதுதான் அவளுக்கு இருந்த துக்கமே. திறப்புவிழா நாளில் மட்டும் கதை வேறு. வேனில் முன்சீட்டு அவளுக்கு. தம்பியே கதவைத் திறந்துவிட்டு, "தொண்டை எப்படி இருக்கு அக்கா? வெந்நீர் வேணுமா?" என்று கேட்பான். அந்த ஒரு கேள்விக்காகவே அவள் அடுத்த கிளைக்குக் காத்துக் கிடந்தாள்.

ஆனால் ஊர் ஊராய் ஒரே வேனில் போகிறவர்கள் எத்தனை நாளைக்கு முறைத்துக்கொண்டே இருப்பது? ஒரு மத்தியானம் வழியில் வேன் பழுதாகி நின்றது. தம்பி டிரைவரையும் கூட்டிக்கொண்டு மெக்கானிக்கைத் தேடிப் போய்விட்டான். இருவரும் துணிமூட்டை மேல் உட்கார்ந்து, அவனுடைய குறட்டையில் ஆரம்பித்து கஞ்சத்தனம் வரை அலசி, வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பகை அன்றோடு ஒழிந்தது. ஆனால் சண்டை போடாத அக்காவை எவன் முன்சீட்டில் ஏற்றுவான்? அந்தப் பயத்தில் விஷயத்தை மூடி மறைத்தார்கள். தம்பி வீட்டில் இருக்கும்வரை ஆளுக்கொரு பக்கம் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். அவன் தலை மறைந்ததும் மாடியறையில் டீ.

பதினோராவது கிளை வந்தது. பெரிய ஊர், பெரிய கடை. வழக்கம்போல வாசலில் கூட்டம் தயங்கி நின்றது. தம்பி கண்ணைக் காட்டினான். அக்கா குவியலிலிருந்து ஒரு நீல ஸ்வெட்டரை உருவினாள். அதன் ஒரு கையைத் தம்பி மனைவி பிடித்தாள். பிடித்தவள், அக்கா அதைத் தடவிய விதத்தைக் கவனித்துவிட்டாள். மாடியறைக் குளிரில் போர்வையைச் சுற்றிக்கொண்டு டீ குடிக்கிறவள் அல்லவா! இத்தனை கடையிலும் சண்டைக்காகவே இழுத்தவள், இதை மட்டும் நிஜமாகவே ஆசைப்பட்டு இழுத்தாள்.

"நீங்களே வச்சுக்கோங்க அண்ணி," என்று விட்டுவிட்டாள் தம்பி மனைவி.

அக்கா பதறிப்போனாள். "ஐயோ, இழுடி!" என்று பல்லைக் கடித்தபடி முணுமுணுத்தாள்.

"மாட்டேன். உங்களுக்கு நல்லா இருக்கும்."

வாசலில் ஒருத்தி பக்கத்தில் இருந்தவளிடம், "பாத்தியா, விட்டுட்டா. எங்கேயோ ஓட்டை இருக்கு," என்றாள். கூட்டம் கலைய ஆரம்பித்தது.

தம்பி கொதித்துப்போய் வந்தான். "ரெண்டு பேரும் எப்போ ராசியானீங்க? என் பிழைப்புல மண்ணைப் போடவா? அக்கா, நீ இனிமே வர வேண்டாம். மாடியிலேயே இரு. அதைக் குடு இப்படி!" என்று ஸ்வெட்டரின் கையைப் பிடித்து இழுத்தான்.

அக்கா தன் பக்கக் கையைப் பிடித்து இழுத்தாள்.

"யாரைப் பாத்துடா மாடியிலேயே இருங்கிற? உன் முதல் கடையில துணி வித்தது நீயா நானா?"

"அண்ணி வராத கடைக்கு நானும் வரமாட்டேன்," என்று மனைவியும் வந்து அக்கா பக்கமாகப் பிடித்தாள். "வீட்டுல சோறும் கிடையாது!"

"விடுங்கன்னா!" என்று தொண்டை கிழியக் கத்தினான் தம்பி.

"முடியாது போடா!"

இதில் நடிப்பு துளியும் இல்லை. கலைந்து போனவர்கள் திரும்பி வந்தார்கள். முதலாளியே கொடுக்க மனசில்லாமல் பிடுங்குகிறான் என்றால் அது எப்பேர்ப்பட்ட சரக்காக இருக்க வேண்டும்! திபுதிபுவென்று உள்ளே புகுந்து குவியலில் விழுந்தார்கள். "இதே நீலத்துல எனக்கும் ஒண்ணு," என்று நாலு பக்கமிருந்தும் குரல் வந்தது. வேறு வழியில்லாமல் தம்பி ஸ்வெட்டரை விட்டுவிட்டு வியாபாரத்தைக் கவனிக்க ஓடினான்.

வீடு திரும்பும்போது முன்சீட்டில் டிரைவர் பக்கத்தில் இரண்டு பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஸ்வெட்டரைப் போட்டிருந்தாள். தம்பி இழுத்த கை முழங்கால்வரை தொங்கியது. அவன் பின்னால் காலி அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் கிடந்தான். அங்கிருந்தே அசடு வழியக் கேட்டான்.

"அக்கா... அடுத்த கடைக்கு வருவேல்ல?"

"வரேன். நீ வெந்நீர் குடிச்சுட்டு வா. இன்னைக்கு உன் தொண்டை சரியாவே இல்லை."