சுனாமிக்கு முதல் வாசித்தவள்

என் மகளுக்கு வாசிக்க வராது என்பதை முதலில் கண்டுபிடித்தவர் அவளுடைய மூன்றாம் வகுப்பு ஆசிரியை. நானும் அதே பள்ளிக்கூடத்தில்தான், கடலோரத்துக் கல்லடியில், பெரிய வகுப்புகளுக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். ஊர்ப் பிள்ளைகளையெல்லாம் பார்க்கிறவள் தன் பிள்ளையைப் பார்க்காமல் விட்டாளா என்று கேட்பீர்கள். பார்த்தேன். ஒவ்வொரு பின்னேரமும் அவளை மேசையில் இருத்தி, பாடத்தை ஒருமுறை வாசித்துக் காட்டுவேன். அவள் திருப்பி ஒரு சொல் பிசகாமல் வாசிப்பாள். அது வாசிப்பே இல்லை, காதால் கேட்டதை அப்படியே ஒப்புவிக்கிறாள் என்று எனக்குப் பிடிபடவில்லை. எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட வேண்டும் என்பதைக்கூட என் கையைப் பார்த்து மனதில் வைத்திருந்தாள், கெட்டிக்காரி.

வகுப்பாசிரியை ஒருநாள் புத்தகத்தில் இல்லாத நாலு வரியைக் கரும்பலகையில் எழுதி வாசிக்கச் சொல்லியிருக்கிறார். அதோடு குட்டு வெளிப்பட்டுவிட்டது. இடைவேளையில் என்னைத் தேடி வந்தார்.

"டீச்சர், புள்ள மக்கு இல்ல. சொல்லிக்குடுத்தா எல்லாம் விளங்குது. எழுத்து மட்டும் அவவுக்கு நிக்குதில்ல. அடிச்சுச் சரிவராது, வேற மாதிரித்தான் பாக்கோணும். இதுக்கெண்டு படிச்ச ஆக்கள் இரிக்காங்களாம். நான் விசாரிச்சுச் சொல்றன்."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம். "எண்ட புள்ளைய எனக்குத் தெரியும். நீங்க உங்கட வேலையப் பாருங்க" என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லிவிட்டு வந்தேன். அன்று பின்னேரம் அவளுக்குத் தெரியாத ஒரு பந்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னேன். அவள் தடுமாறிய ஒவ்வொரு சொல்லுக்கும் அடிமட்டத்தால் ஒரு அடி. அவள் அழவில்லை. கையை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகும் பல நாள் அடித்தேன். எத்தனை நாள் என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது.

அது கார்த்திகை மாதம். அடுத்த மாதம் கடல் வந்தது.

நத்தாருக்கு நாங்கள் இருவரும் தன்னாமுனையில் அக்கா வீட்டில் நின்றோம். அக்கா கலியாணம் முடித்தது கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்தில், அதனால் ஒவ்வொரு நத்தாருக்கும் எங்களுக்கு அங்கேதான் சாப்பாடு. மறுநாள் காலையிலும் திரும்பாமல் இருந்ததால் தப்பினோம். என் மகள் அலையைப் பார்க்கவே இல்லை. வீட்டுக்குப் பின்னால் ஆறு ஏறி இறங்கியதை மட்டும் பார்த்தாள். வாவியை நாங்கள் ஆறு என்றுதான் சொல்வோம். கல்லடியில் எங்கள் வீட்டுக்கு அத்திவாரம் மட்டும் மிஞ்சியது. பள்ளிக்கூடத்தில் பதிவேடுகளும் புள்ளிப் புத்தகங்களும் போய்விட்டன. அந்த ஆசிரியையும் போய்விட்டார். அவரிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு ஒரு மாதம் முழுதாக இருந்தது. நான் கேட்கவில்லை.

கொட்டில்களில் பள்ளிக்கூடம் திரும்பத் தொடங்கியபோது பிள்ளைகளின் பயத்தைப் போக்கவென்று கொழும்பிலிருந்து ஆட்கள் நிறக்கட்டிகளோடும் படிவங்களோடும் வந்தார்கள். பிள்ளைகள் படம் கீறினார்கள். தாய்மாரிடம் ஒவ்வொருவராக விசாரித்தார்கள். என் முறை வந்தபோது ஒரு இளம்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு, "மகள் வாசிக்க மறுக்கிறா. எப்போதிலிருந்து இப்படி?" என்று கேட்டாள்.

"சுனாமிக்குப் பிறகுதான். அதுக்கு முதல் நல்லா வாசிச்சவ" என்றேன்.

அவ்வளவு சுலபமாக வந்தது. மகள் என் பக்கத்தில்தான் நின்றாள். உண்மை தெரிந்த மூன்றாவது ஆள் மண்ணுக்குள் இருந்தார். அவளுடைய அப்பா வேலைக்குப் போய்க் கட்டாரில். பிள்ளையின் படிப்பைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் நான் தொலைபேசியில் சொன்னதுதான். என் பக்க நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். பக்கத்துக் கொட்டிலில் இரண்டு பிள்ளைகளைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு ஒரு தாய் சுவரைப் பார்த்தபடி இருந்தாள். உயிரோடு இருக்கிற என் பிள்ளைக்கு எழுத்து வரவில்லை என்று எந்த வாயால் முறையிடுவது? எல்லாரும் கடலால் நொந்திருந்தார்கள். நானும் கடலின் தலையில் போட்டேன்.

அந்தப் பொய் எங்களுக்கு நன்றாகவே உதவியது. யாரும் அவளை ஏசவில்லை. "பாவம், கடல் கண்ட புள்ள, பயம் போனா எழுத்து தானா வரும்" என்று ஆசிரியர்கள் மேல் வகுப்புக்கு ஏற்றிவிட்டார்கள். நானும் அடிப்பதை நிறுத்தினேன். புலமைப்பரிசில் பரீட்சையில் அவள் எடுத்த புள்ளியைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. ஆற்றுக்கு அப்பால் படுவான்கரைப் பக்கம் யுத்தத்தில் ஷெல் விழுந்த மாதங்களில், அந்தச் சத்தத்தில் பயம் கூடியிருக்கும் என்றார்கள். அதற்கும் தலையாட்டினேன்.

ஒன்று மட்டும் எனக்கு ஆறுதலாக இருந்தது. அவளுக்கு உண்மையிலேயே கடலுக்குப் பயம் வந்துவிட்டது. முன்பெல்லாம் கரைவலை இழுக்கிற இடத்திலிருந்து அவளைக் காதைப் பிடித்துத்தான் கூட்டி வரவேண்டும். இப்போது கடற்கரைப் பக்கம் எட்டியும் பார்க்கமாட்டாள். கல்லடியில் புது வீட்டுக்கு வந்த பிறகும் கிழக்குப் பக்க ஜன்னலைச் சாத்தியே வைத்திருப்பாள். அதைப் பார்க்கும்போதெல்லாம், நான் சொன்னது முழுப் பொய் இல்லைத்தானே என்று நினைத்துக்கொள்வேன்.

யுத்தம் முடிந்த வருடம் அவள் எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூட அதிபர் நல்ல மனிதர். என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், இவ்வளவு காலமும் இழுத்தாச்சு. இனிமேல் பாடங்கள் கடும். பேசாம வாற வருஷம் தையல் வகுப்பில விடுங்க" என்றார். விஞ்ஞானப் பாடத்தை யாராவது வாசித்துச் சொன்னால் நான் யோசிக்காத கேள்வியெல்லாம் கேட்கிற பிள்ளை அவள். காத்தான்குடியில் விசேட கல்வி படித்த ஒரு ஆசிரியை இருக்கிறார் என்று கேள்விப்பட்டு, கெஞ்சிப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைத்தேன்.

அவர் அவளுக்கு ஒரு கதையை வாசித்துக் காட்டிக் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. கதையில் இருந்த ஒரு பிழையையும் பிடித்துச் சொன்னாள். பிறகு அதே கதையில் மூன்று வரியைக் காட்டி வாசிக்கச் சொன்னார். அவளுடைய மேலுதட்டில் வியர்வை பூத்தது. ஆசிரியை புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, "எப்ப இருந்து மகள் இப்படி?" என்று அவளிடமே மெதுவாகக் கேட்டார்.

"சுனாமிக்குப் பிறகுதான் டீச்சர். அதுக்கு முதல் நல்லா வாசிச்சனான்."

சொல் பிசகவில்லை. நான் அன்று படிவத்துக்குச் சொன்ன அதே வசனத்தை அதே தொனியில் ஒப்புவித்தாள். பதின்மூன்று வயதுப் பிள்ளை என்னைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றுகிறாள் என்று விளங்கியதும் என்னால் தாங்க முடியவில்லை.

"இல்ல டீச்சர். முதலும் வாசிக்கல்ல. நான்தான் பொய் சொன்னன்" என்றேன். அடித்ததையும், இறந்துபோன ஆசிரியை சொன்னதையும், நான் அவரை ஏசியதையும் மகளுக்கு முன்னாலேயே சொல்லி முடித்தேன்.

காத்தான்குடி ஆசிரியை என்னை ஏசவில்லை. மகளின் பக்கம் திரும்பினார். "இதுக்குப் பேர் டிஸ்லெக்சியா. பிறக்கக்குள்ளயே உள்ளது. நோய் வருத்தம் இல்ல, சோம்பலும் இல்ல, பயத்தில வந்ததும் இல்ல. சத்தத்தையும் எழுத்தையும் பொருத்துற ஒரு வேலை மட்டும் உங்களுக்குக் கஷ்டம். மத்ததெல்லாம் நல்லா ஓடுது. கொஞ்சம் கொஞ்சமா, திரும்பத் திரும்ப, கையாலயும் காதாலயும் படிச்சா வரும். நேரம் கூட எடுக்கும், அதைப் பாத்துப் பயப்படாதீங்க." என்னிடம் ஒன்றுதான் சொன்னார்: "அஞ்சு வருஷமாப் பயத்துக்குத்தான் மருந்து குடுத்திரிக்கம்."

பிறகு நடந்ததில் பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு சுளகில் அரிசி பரப்பி, விரலால் எழுதி, சத்தம் சொல்லிப் பழகினோம். மட்டையில் ஒரு வரி மட்டும் தெரிகிற அளவுக்குத் துளை வெட்டிப் பக்கத்தின் மேல் வைத்தோம். பாடங்களைக் கைத்தொலைபேசியில் பதிந்து கொடுத்தேன். எனக்குக் கோபம் வரும்போது குசினிக்குப் போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவேன். தொடக்கத்தில் நிறையத் தண்ணீர் குடித்தேன். சாதாரண தரப் பரீட்சையில் அவள் இரண்டாம் முறைதான் சித்தியடைந்தாள். இன்றைக்கும் மெதுவாகத்தான் வாசிக்கிறாள், ஆனால் வாசிக்கிறாள்.

நான் மறக்காதது, அந்த முதல் நாள் காத்தான்குடி ஆசிரியையை வழியனுப்பிவிட்டு இருவரும் வீட்டுக்கு நடந்த பின்னேரம். பாதி வழியில் கேட்டாள்:

"அப்ப எனக்குப் பயத்தால வந்ததில்லயாம்மா?"

"இல்ல புள்ள. டீச்சர் சொன்னாதானே."

அவள் கிழக்குப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "அப்ப நான் இனிக் கடலுக்குப் போகலாமா?"

"உனக்குத்தான் கடலெண்டாப் பயமே!"

"எனக்கு ஒரு நாளும் பயம் இல்லம்மா. பயம் போனா எழுத்து வரும் எண்டு எல்லாரும் சொன்னாங்க. எழுத்து வரல்ல. பயமும் இல்லயெண்டு தெரிஞ்சா மறுகாவும் அடிப்பீங்களெண்டு..."

நடுரோட்டில் நின்று அழுதேன். கடலுக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்துகொண்டு, என் அடிக்குப் பயந்து, என் பிள்ளை ஐந்து வருடம் கடலை விட்டுக்கொடுத்திருக்கிறாள். அவள்தான் என் கையைப் பிடித்து இழுத்தாள். வீட்டுக்குப் போகாமல் அப்படியே கடற்கரைக்குப் போனோம். செருப்பைக் கழற்றி என்னிடம் தந்துவிட்டு, பள்ளிக்கூடச் சட்டையோடு ஓடினாள். மற்ற நாளென்றால் சட்டை நனையப் போகிறது என்று கத்தியிருப்பேன். இருட்டும்வரை நான் அவளைக் கூப்பிடவில்லை.