பெங்களூரு–திருச்சி, ஒரு மணி நேரம்

பெங்களூருவிலிருந்து திருச்சிக்கு விமானத்தில் ஒரு மணி நேரம். அங்கிருந்து காரில் நான்கு மணி நேரம். இப்போது திருமலைராயன்பட்டினம் பள்ளிவாசல் முன்னால் நிற்கிறேன். என் நண்பன் யூசுப்பின் தம்பி ஜமால் தொழுகை முடிந்து, தொப்பியை மடித்தபடி வருகிறார்.

“வாங்கண்ணே. நடந்தா வந்தீங்க? எட்டு மாசமாயிடுச்சே!”

எட்டு மாதங்களுக்கு முன் யூசுப் இறந்த காலையில் இவரிடம்தான் போனில், விமானத்தில் இடமே இல்லை என்று சொன்னேன். அது பொய். அவன் இறந்த முகத்தைப் பார்க்கப் பயந்து வீட்டிலேயே உட்கார்ந்திருந்தேன். அதை ஒப்புக்கொள்ளத்தான் வந்திருக்கிறேன். நின்ற இடத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

“தெரியும்ண்ணே. அன்னைக்கே என் மவ போன்ல பாத்துட்டா. ரெண்டு பிளைட்ல எடம் இருந்துச்சு. மதியத் தொழுகையோட அடக்கம் பண்ண வேண்டியது. அசர் தொழுகை வரைக்கும், நாலு மணி வரைக்கும் வச்சிருந்தோம்.”

இறந்தவரைக் காக்கவைப்பது இவர்கள் வழக்கமே இல்லை.

“பொய்யின்னு தெரிஞ்சுமா?”

“மனசு மாறி ஏறிடுவீங்கன்னுதான்.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஜமால் என் கையைப் பிடித்து யூசுப்பை அடக்கம் செய்த கபருக்கு அழைத்துப்போகிறார். மணலில் கால் தடுமாறுகிறது. அவர் பிடியை விடவில்லை.