பணிஸுக்கு ஒரு பரீட்சை: பேசாலைத் தென்கரையில் நாயோடு ஓர் இரவு

சித்திரை வருடப்பிறப்பு முடிந்த கையோடு திருகோணமலையில் ஒரு கந்தோரில் அலுவலக வேலைக்குச் சேர வேண்டும் என்று கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் கம்பஸ் போன முதல் ஆள் நான். கந்தோர் வேலைக்குப் போகிற முதல் ஆளும் நான்தான். தங்குவதற்கு ஒரு வீட்டில் அறை பேசியாயிற்று. வீட்டுக்கார அன்ரியிடம் தயங்கித் தயங்கி, "ஒரு நாய் இருக்கு, கொண்டு வரலாமோ?" என்று போனில் கேட்டேன். அவர், வீட்டுப் பின்வளவில் கட்டி வைக்க வேண்டும், பகலில் ஊளையிடக் கூடாது, ஞாயிற்றுக்கிழமைக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்றார்.

இந்தப் பயணம் அதற்காகத்தான். புது இடத்தில் கட்டிப் போட்டால் என் நாய் இருக்குமா, நான் காலையில் போய் மாலையில் வருவதை அது தாங்குமா என்று பார்க்க வேண்டியிருந்தது. தாங்கினால் என்னோடு திருகோணமலைக்கு வரும். இல்லாவிட்டால் மன்னார்ப் பள்ளிமுனையில் எங்கள் வீட்டில் அம்மாவோடு நிற்கும். பங்குனி மாதத்தில், அந்த ஞாயிறுக்கு முதல் நாளான சனிக்கிழமையைப் பேசாலைக் கரையில் ஓர் இரவு தங்க ஒதுக்கினேன். தென்மேற்கில் இருந்து வீசும் சோளகக் காற்று தொடங்கவில்லை, மழையும் இல்லை. மன்னாரில் கூடாரம் அடிக்க இதைவிட நல்ல மாதம் கிடையாது.

நாயின் பெயர் பணிஸ். பேக்கரிப் பணிஸின் நிறம் என்பதால் அந்தப் பெயர். வயது ஐந்து. நான் கம்பஸ் போவதற்கு ஒரு மாதம் முன்பு, மன்னார் பஸ் நிலையத்துக்குப் பின்னால் மழையில் நடுங்கிக் கொண்டிருந்தவனைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தேன். நான்கு வருடமும் மாதம் ஒருமுறைதான் யாழ்ப்பாணத்தில் இருந்து வருவேன். படலையைத் திறப்பதற்கு முன்பே அவன் மேலே பாய்ந்துவிடுவான். அதனால் அவன் என் நாய் என்பதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை.

ஆயத்தங்களைச் சொல்கிறேன். நாயோடு போக நினைப்பவர்களுக்கு உதவும். இரண்டு பேர் படுக்கும் கூடாரம் ஒன்றை மன்னார்க் கடையில் 9,800 ரூபாவுக்கு வாங்கினேன். தண்ணீர் ஐந்து லீற்றர் கான் மூன்று. அதில் ஒன்று முழுவதும் பணிஸுக்கு. பன்னிரண்டு அடி நைலோன் கயிறு, அகலமான கழுத்துப் பட்டி, விசர்நாய்த் தடுப்பூசி போட்ட அட்டை, முள்ளெடுக்க ஒரு சின்னக் குறடு, பழைய சாக்கு, உப்பில்லாமல் அவித்த மீனும் சோறும் ஒரு வாளியில். மன்னார்த் தீவு முழுக்க உடைமரம். அதன் முள் செருப்பையே துளைக்கும் என்றால் நாயின் பாதம் எந்த மூலைக்கு? குறடு கட்டாயம் வேண்டும்.

அம்மா இதையெல்லாம் பார்த்துக் கொண்டிருந்தார். அவர் நண்டுக் கொம்பனியில் சதை எடுக்கும் வேலை செய்கிறார். அப்பா இறந்ததில் இருந்து அந்தச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். தனியாகப் போகிறேன் என்றதும் மீன் வெட்டிக் கொண்டிருந்த கத்தியைக் கீழே வைத்தார்.

"குமர்ப்பிள்ளை தனியக் கடக்கரையில படுக்கிறதோ? நானும் வாறன். அந்தக் கூடாரத்துக்குள்ள நான் கொள்ளுவனோ எண்டு மட்டும் பார்த்துச் சொல்லு."

"கொள்ளும் அம்மா. ஆனா பணிஸ் வெளியில கட்டித்தான் கிடக்கோணும். அதுதான் சோதினை."

"என்ன சோதினை கீதினை. திருகோணமலைக்குக் கூட்டிக்கொண்டு போ. எனக்கு அதுக்குச் சமைச்சுப் போட நேரமில்லை."

எங்கள் ஒழுங்கையில் ஓட்டோ வைத்திருக்கும் ராஜன் அண்ணை போக வர 6,500 ரூபாவுக்குச் சம்மதித்தார். சனிக்கிழமை பிற்பகல் 2.40க்குப் புறப்பட்டோம். பணிஸ் ஏறியதும் அவர் கண்ணாடியில் அவனைப் பார்த்தார்.

"இவர் சத்தி எடுத்தா என்ன செய்யிறது?"

"சாக்கு விரிச்சிருக்கு அண்ணை."

"அது சீற்றுக்கு. என்ர முதுகுக்கு?"

தலைமன்னார் வீதியில் பேசாலை வரை ஏறக்குறைய பதினெட்டுக் கிலோமீற்றர். தோட்டவெளிக்கு அப்பால் ஐந்தாறு கழுதைகள் வீதியின் நடுவில் நின்றன. மன்னார்க் கழுதைகள் ஹோர்னுக்கு விலகாது. தமக்கு மனம் வந்தால்தான் விலகும். பணிஸ் குரைக்கத் தொடங்கினான். அம்மா அவன் வாயை முந்தானையால் மூடிப் பிடித்தார். பேசாலையில் இடப்பக்கம் திரும்பி, பனங்கூடலுக்குள்ளால் நான்கு கிலோமீற்றர் மணல் பாதை. காற்றாலைகள் தெரியத் தொடங்கியதும் கடலும் தெரிந்தது. 3.50க்கு இறங்கினோம். அருகிலிருந்த கடற்படைக் காவலரணில் அடையாள அட்டைகளைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் இடம் பார்த்தோம். நீங்களும் அப்படியே செய்யுங்கள்.

கூடாரத்தோடு தருகிற கம்பி ஆணிகள் எங்கள் மணலில் நிற்காது. இரண்டு முறை பிடுங்கிக் கொண்டு வந்த பிறகு, கடைப் பைகளில் மணல் நிரப்பி நான்கு மூலையிலும் புதைத்தோம். அது அசையவில்லை. பணிஸைக் கட்டத்தான் இடமில்லை. கூடாரத்தில் இருந்து பத்தடி தூரத்தில், தண்ணீருக்குக் கொஞ்சம் மேலே, தொடையளவு தடிப்பில் ஒரு முளை நாட்டியிருந்தது. அசைத்துப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது. யாரோ விட்டுப்போன கட்டை என்று நினைத்துக் கயிற்றை அதில் கட்டினேன். அம்மாவும் பார்த்து, "நல்ல கட்டை" என்றார். நாங்கள் பள்ளிமுனை ஆட்கள். எங்கள் பக்கம் படகில் போய் வலை விடுவதுதான் வழக்கம். கடலில் பிறந்து வளர்ந்தவர்கள் என்ற எண்ணத்தில் அந்த முளை என்னவென்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

ஐந்து மணிக்குப் பரீட்சையைத் தொடங்கினேன். அவனுக்குத் தண்ணீர் வைத்துவிட்டு, அம்மாவையும் கூட்டிக்கொண்டு பனங்கூடலுக்குள் போய் உட்கார்ந்தேன். ஏறக்குறைய அரைக் கிலோமீற்றர் இருக்கும். இரண்டு நிமிடம் சத்தமில்லை. பிறகு தொடங்கினான். அது குரைப்பு இல்லை. கழுத்தை நீட்டிக்கொண்டு விடுகிற நீளமான ஊளை. கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கொண்டே இருந்தேன். பத்து நிமிடம், இருபது நிமிடம். அம்மா பனங்காய் ஒன்றைக் காலால் உருட்டிக் கொண்டிருந்தார். நாற்பதாவது நிமிடத்தில் எழும்பிவிட்டார்.

"முதல் நாள்தானே. நாளைக்குச் சரிவரும்" என்றார், நான் கேட்காமலே.

நாங்கள் திரும்பி வந்தபோது முளையைச் சுற்றி மணலில் வட்டமாக ஒரு பள்ளம் விழுந்திருந்தது. அவ்வளவு சுற்றியிருக்கிறான். நான் அவனைக் கட்டிப் பிடித்தேன். அடுத்த நாள் காலையில் இன்னொரு முறை வைத்துப் பார்ப்போம், அதற்குள் பழகிவிடுவான் என்று எனக்கு நானே சொல்லிக் கொண்டேன். நாங்கள் பாணும் சம்பலும் சாப்பிட்டு, எட்டரைக்கே படுத்துவிட்டோம். நாங்கள் பக்கத்தில் இருந்ததால் அவன் சத்தம் போடவில்லை.

விடியப்புறம் ஐந்தே முக்காலுக்கு ஆண்களின் குரல் கேட்டுக் கண் விழித்தேன்.

"ஆரப்பா எங்கட முளையில நாயைக் கட்டி வச்சது? இண்டைக்கு நாயை விட்டோ மீன் பிடிக்கிறது?"

பக்கத்தில் அம்மா இல்லை. வெளியே அவருடைய குரல் கேட்டது. "ஐயோ, தெரியாமக் கட்டிப்போட்டம் அண்ணை. இந்தா அவிழ்க்கிறன்."

"எந்த ஊர்?"

"பள்ளிமுனை."

"பள்ளிமுனையோ! கடல் தெரிஞ்ச ஆக்கள். கரைதான் தெரியேல்லை."

பல பேர் சிரித்தார்கள். அவர்கள் கரைவலைக்காரர்கள். வலையின் ஒரு பக்கக் கயிற்றைக் கரையில் அந்த முளையில் கட்டிவிட்டு, படகு அரைவட்டமாகப் போய் வலையை விட்டு, மற்றக் கயிற்றைத் தூரத்தில் கரை சேர்க்கும். பிறகு இரண்டு பக்கமும் ஆட்கள் நின்று இழுப்பார்கள். கரையில் இன்ன துண்டு இன்னாருக்கு என்று பங்கு பிரித்திருக்கிறது. அதைப் 'பாடு' என்கிறார்கள். நாங்கள் ஒருவருடைய பாட்டின் நட்டநடுவில் கூடாரம் அடித்து, அவருடைய முளையில் நாயையும் கட்டியிருந்தோம். படகு முதல் வலைக்குப் போக முடியாமல் காத்துக் கொண்டு நின்றதாம்.

எனக்கு வெட்கத்தில் காது சுட்டது. வெளியே போய் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் போர்வையை இழுத்துக் கொண்டு, மூச்சையும் அடக்கிக் கிடந்தேன். தெரியாத ஆட்களுக்கு முன்னால் எனக்கு வாய் வராது. பட்டம் எடுத்தும் அது மாறவில்லை. இவர்கள் போகட்டும், பிறகு எழும்புவோம் என்று காத்திருந்தேன். அவர்கள் போகிற ஆட்களாகத் தெரியவில்லை.

"பிந்தினது எங்களாலதானே. நானும் ஒரு கை பிடிக்கிறன்" என்று அம்மா சொல்வது கேட்டது.

"நாய்?"

"அவன் நிப்பான். ராசா, என்ர பின்னால நில்லு. கயித்துக்குள்ள கால் வையாத, என்ன."

அந்தக் குரலை நான் கேட்டு எத்தனையோ வருடம். சின்ன வயதில் எனக்குக் காய்ச்சல் வந்தால் கேட்டிருக்கிறேன். என் நாயோடு அம்மா அப்படிப் பேசுவார் என்று எனக்குத் தெரியாது.

ஆறரைக்குத்தான் வெளியே வந்தேன். வெளிச்சம் நன்றாக வந்துவிட்டது. பன்னிரண்டு பேர் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துச் சாய்ந்து, பின்னோக்கி அடி வைத்து மேட்டுக்கு ஏறிக் கொண்டிருந்தார்கள். எட்டாவது ஆள் அம்மா. சேலையைத் தூக்கிச் செருகியிருந்தார். மேட்டுக்கு வந்ததும் கயிற்றை விட்டுவிட்டுத் திரும்பத் தண்ணீரோரம் ஓடிப் போய் முன்னால் பிடிக்க வேண்டும். அம்மா பின்னோக்கி வரும்போது பணிஸும் அவருக்குப் பின்னால் ஒவ்வோர் அடியாகப் பின்வாங்கினான். அம்மா ஓடினால் அவனும் ஓடினான். கட்டியிருக்கவில்லை. குரைக்கவில்லை. என்னைத் தேடவும் இல்லை.

சம்மாட்டியார், அதாவது வலையின் சொந்தக்காரர், கரையில் நின்று அதட்டிக் கொண்டிருந்தார். மீன் சேரும் வலை மடி கரைக்கு வந்து மீனைக் கொட்டியதும் ஒரு பிடி சூடை மீனை எடுத்து நாய்க்கு முன்னால் போட்டார். பணிஸ் மணந்து பார்த்துவிட்டு அம்மாவின் முகத்தைப் பார்த்தான்.

"என்ன, தின்ன மாட்டாரோ?"

"முள்ளு எடுத்துக் குடுத்தாத்தான் தின்னுவான்" என்றார் அம்மா. குனிந்து இருந்து, நண்டுச் சதை எடுக்கும் அதே விரல்களால் மீனை இரண்டாகப் பிளந்து முள்ளை உருவத் தொடங்கினார்.

"கேட்டியளோடா? நான் கலியாணம் கட்டி முப்பது வருசம். ஒரு முள்ளு எடுத்துத் தந்திருப்பாளோ அவள்!"

சம்மாட்டியார் இப்படிச் சொல்ல எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரித்தபோது என்னைக் கண்டுவிட்டார். களவில் பிடிபட்டவர் மாதிரிக் கையைப் பின்னுக்கு எடுத்தார்.

நான் இன்னொரு பரீட்சை வைத்தேன். அவனைக் கூப்பிட்டு, தலையைத் தடவி, "வாறன்" என்று சொல்லிவிட்டு, தனியாகப் பனங்கூடல் பக்கம் நடந்தேன். முதல் நாள் போன அதே பாதை. கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தேன். நாலைந்து அடி என் பின்னால் வந்து நின்று கொண்டிருந்தான். என்னைப் பார்த்தான். திரும்பி அம்மாவைப் பார்த்தான். பிறகு அம்மாவிடம் போய் இருந்துவிட்டான். பனங்கூடலுக்குள் முக்கால் மணித்தியாலம் இருந்தேன். ஊளைச் சத்தம் வரவில்லை. அலையும் ஆட்களின் குரலும்தான் கேட்டன.

மேலே பாய்வது மாதம் ஒருமுறை. மற்ற இருபத்தெட்டு நாளும் அவன் யாரோடு இருந்தான் என்று நான் ஒருநாளும் யோசித்ததில்லை.

அங்கிருந்தே வீட்டுக்கார அன்ரிக்குப் போன் எடுத்தேன். இந்த முறை தயங்கவில்லை. "நான் மட்டும்தான் வாறன் அன்ரி" என்றேன்.

ராஜன் அண்ணை 9.30க்கு வந்தார். சம்மாட்டியார் கறிக்கு என்று ஒரு பை மீன் தந்தார். கயிறு பிடித்தவருக்குக் கொடுப்பது அங்கே வழக்கமாம். வேண்டாம் என்று சொன்னால் குறை நினைப்பார்கள், வாங்கிக் கொள்ளுங்கள். பேசாலைச் சந்தி தாண்டியதும் அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். பணிஸ் எங்கள் இருவருக்கும் நடுவில் நித்திரையாக இருந்தான்.

அம்மா பணிஸின் காதில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

"அப்ப நீ அங்க தனியவெல்லோ இருப்பாய்" என்றார். "கம்பஸில கூட்டாளிமார் இருந்தவை. அங்க ஆர் இருக்கினம்? உனக்குத் துணையா இவனாவது நிக்கட்டும் எண்டுதான் கூட்டிக்கொண்டு போகச் சொன்னனான்."

நீங்களும் தனியத்தானே அம்மா என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குப் பதிலாக அவருடைய கையைப் பிடித்தேன். கயிறு உரசி உள்ளங்கை சிவந்து கிடந்தது. அவர் கையை இழுத்துக் கொள்ளவில்லை. தோட்டவெளி வரை அப்படியே வந்தோம்.

போக நினைப்பவர்களுக்கு இன்னும் சில விஷயங்கள். மாசி, பங்குனி நல்ல மாதங்கள். காலை பத்து மணிக்குப் பிறகு மணல் நாயின் பாதத்தைச் சுடும்; அதற்குள் புறப்பட்டுவிடுங்கள். கடல் தண்ணீரைக் குடிக்க விடாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் குளிப்பாட்டி, காதுக்குள் உண்ணி இருக்கிறதா என்று பாருங்கள். கரையில் ஒரு முளையோ கயிறோ கண்டால் தொட முன்பு, இது யாருடைய பாடு என்று ஊரில் ஒருவரைக் கேளுங்கள். கேட்க வெட்கமாக இருந்தால் அம்மாவைக் கேட்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, பஸ். நாயை ஏற்ற மாட்டார்கள்; மடியில் வைத்திருக்கிறேன் என்று சொன்னாலும் ஏற்ற மாட்டார்கள். திருகோணமலையில் இருந்து மன்னாருக்கு வவுனியாவில் மாறி வர ஐந்தரை மணித்தியாலம் செல்லும். அம்மாவும் பணிஸும் என்னிடம் வர முடியாது என்பதால், வெள்ளிக்கிழமை பின்னேரம் கந்தோர் விட்டதும் பஸ் நிலையத்துக்கு ஓடுகிற ஆள் நான்தான். யன்னலோர ஆசனம் வேண்டுமென்றால் நாலரைக்கு முன்பே அங்கே நிற்க வேண்டும்.