காகத்தின் இரத்தம் பார்த்த ரிஸ்வானா மிஸ்

“உம்மா மௌத்தாகிட்டாங்க ஆச்சி” என்று கிண்ணியாவிலிருந்து ரிஸ்வானா மிஸ்ஸின் மகள் தொலைபேசியில் சாவுச் செய்தி சொன்னபோது, நான் எங்கள் சல்லிக் கடற்கரையில் கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தேன். காகங்கள் மீனைத் தூக்கின. அன்றைக்கு நான் விரட்டவில்லை.

பறவைகளின் இரத்தத்தில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்ப்பது மிஸ்ஸின் வேலை. அவரோடு வலை கட்டித் திரிந்த பிள்ளைகளே, உங்களுக்கு அது தெரியும். என் வீட்டு வளவிலும் வலை கட்டினார். காகத்தின் செட்டையடியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு எடுத்துவிட்டுப் பறக்கவிடுவார். “நோகாதோ?” என்று கேட்டேன். “நோகும் ஆச்சி. நோகாதெண்டு நான் பொய் சொல்லமாட்டன்” என்றார்.

ஒருநாள் அந்தச் சொட்டை நுணுக்குக்காட்டியில் பார்த்தவர், “மலேரியாக் கிருமி மாதிரித் தெரியுது” என்று வாய்விட்டுவிட்டார். எதிர்வீட்டுக் கனகம் வேலியடியில் நின்றாள். என் மனுசன் இடம்பெயர்ந்திருந்த காலத்தில் மலேரியாவில் போனவர். அவரை நினைத்துத்தான் மத்தியானத்தில் காகத்துக்குச் சோறு வைக்கிறேன். கனகம் ஊர் கேட்கக் கத்தினாள்: “மனுசனைக் கொண்டுபோன காய்ச்சலுக்கே சோறு வைக்கிறாள், பாருங்கோ!”

காகங்களுக்கு நஞ்சு வைக்க வேண்டும் என்று வீடு வீடாகக் கதை. சோறு வைக்க எனக்குக் கை வரவில்லை. மிஸ்ஸோடும் பேசவில்லை. “மரபணு பாத்திட்டு வாறன், அதுவரைக்கும் நஞ்சு வைக்காதீங்க” என்று ஊராரைக் கெஞ்சிவிட்டு, இரத்தத்தை ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்.

திரும்பி வந்தவர் என் வீட்டுக்கு வரவில்லை. கனகத்தின் வாசற் படலையில் நின்று எல்லாரையும் கூப்பிட்டார்.

“நான் சொன்னது பிழை. கண்ணாடியில மலேரியாக் கிருமியும் அதுக்குச் சொந்தக்காரக் கிருமியும் ஒரே மாதிரித்தான் தெரியும். மரபணுவப் பாத்தாத்தான் எது எதெண்டு விளங்கும். இது மலேரியா இல்ல, அந்தச் சொந்தக்காரக் கிருமி. பறவைக்கு வாற மலேரியாவெண்டாலும் மனிசருக்குத் தொத்தாது. அத முதல்லயே சொல்லாம விட்டதும் என்ட பிழைதான்.”

“படிச்ச நீங்களே இப்பிடி மாத்திக் கதைச்சா, நாங்கள் ஆரை நம்புறது?” என்றாள் கனகம்.

“அண்டைக்குச் சொன்னது மரபணுவப் பாக்க முந்தி. இது பாத்திட்டுச் சொல்றன். இத நம்புங்க.”

நஞ்சுக் கதை அத்தோடு நின்றது. அன்று மத்தியானமே சோறு வைத்தேன். மிஸ்ஸின் ஆட்களிடம் அந்த வழக்கம் இல்லை. ஆனாலும் காகம் வந்து முதல் வாய் எடுக்கும்வரை என் பக்கத்தில் நின்றார்.

எனக்கு எழுத்து அதிகம் வராது. மிஸ்ஸிடமிருந்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். பிழை சொன்ன வாயே ஊருக்கு முன்னால் நின்று அதைத் திருத்தியதை இந்தக் கண்ணால் கண்டிருக்கிறேன். அதனால் அது மனிதரால் ஏலாத காரியம் என்று எவரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. கனகத்தின் படலைக்கும் என் படலைக்கும் நடுவில் தாண்ட ஒரு சின்ன ஒழுங்கைதான். அன்று கத்தியதைத் திருத்திச் சொல்ல அவள் இன்னும் வரவில்லை.